அஞ்சாந்தேதி விலை

பழவங்காடிப் பிள்ளையார் கோவிலைத் தாண்டித் தெற்கே திரும்பினால் ஒரு குறுக்குத் தெரு வரும். அதில் பதினான்கு மளிகைக் கடைகள். அந்தத் தெருவில் வடிவாம்பாள் என்று கேட்டால் சிலருக்கு யோசிக்க வேண்டியிருக்கும். ‘விலை டீச்சர்’ என்று கேட்டால் மூட்டைச் சுமடு இறக்குகிறவர் முதல் வாசலில் கற்பூரம் விற்கிறவர் வரை எல்லோருக்கும் தெரியும்.

பூதப்பாண்டியில் பிறந்து, நாகர்கோவிலில் கணக்குப் படித்து, பகவதி என்ற அச்சக ஊழியருக்கு வாழ்க்கைப்பட்டு, திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தவள் அவள். புருஷன் சம்பளம் போதாமல் வீட்டிலேயே டியூஷன் எடுத்தாள். அந்தத் தெருவில் கடை வைத்திருந்த திரவியத்தின் மூத்த பையனும் அவளிடம் படித்தான். அந்தத் தெருச் சிப்பந்திகளின் பிள்ளைகளும் படித்தார்கள். முன்னவனிடம் காசு வாங்குவாள். பின்னவர்களிடம் வாங்க மாட்டாள்.

தொண்ணூற்றேழில் அந்தத் தெருச் சிப்பந்திகள் பதினேழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாமான் விலை ஏற ஏற எங்களுக்குப் பஞ்சப்படியும் ஏற வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய முப்பத்தாறு சாமான்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். மாதா மாதம் ஐந்தாம் தேதி ஐந்து கடைகளில் அவற்றின் விலையை எழுதிக் கூட்டிப் பார்ப்பது; தொகை ஏறினால் அதற்குத் தக்கபடி எல்லோர் படியும் ஏறும். யார் எழுதுவது என்பதில்தான் இழுபறி. முதலாளிகள் ஆள் வைத்தால் சிப்பந்திகள் நம்பவில்லை. சிப்பந்திகள் ஆள் வைத்தால் முதலாளிகள் நம்பவில்லை. அப்போது திரவியம் சொன்ன பெயர் வடிவாம்பாள். இரு தரப்பும் மறுபேச்சில்லாமல் தலையாட்டிய ஒரே பெயர் அதுதான்.

மாதம் நூற்றைம்பது ரூபாய் சம்பளம். முதல் மாதம் கூட்டிப் பார்த்தபோது முப்பத்தாறு சாமானும் சேர்ந்து ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு ரூபாய் வந்தது. சம்பா அரிசி கிலோ பத்தரை, தேங்காயெண்ணெய் ஐம்பத்து மூன்று, சீனி பதினாலு. வடிவாம்பாள் அந்த வேலையைச் சம்பளத்துக்காகச் செய்தாள் என்று சொல்ல முடியாது. அதே ரகம், அதே எடை, அதே கடை என்பதில் பிடிவாதம் பிடிப்பாள். ஒருமுறை ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை வாங்கித் தராசில் வைத்தாள். நூறு கிராம் இருந்தது எண்பதாகியிருந்தது.

“வெல ஏறியிருக்குன்னு எழுதியிருக்கியே தங்கச்சி. அதே அஞ்சு ரூபாதானே?” என்றார் திரவியம்.

“பாக்கெட் அஞ்சு ரூபா அண்ணாச்சி. பிஸ்கட் அஞ்சு ரூபா இல்ல.”

திரவியம் வாய்விட்டுச் சிரித்து, அந்தக் கதையைத் தெரு முழுக்கச் சொன்னார். அவருக்கும் நாஞ்சில் நாடுதான். அவளைக் கூடப் பிறந்தவள் மாதிரி நடத்தினார். அவளுக்கு ஓணத்துக்குச் சேலை, பெண் திவ்யலட்சுமிக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது குடை, பை. இரண்டாயிரத்து ஒன்பதில் பகவதி மாரடைப்பில் போனபோது மூன்று நாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்து நின்றார்.

காலம் போகப் போக வடிவாம்பாளுக்கு அந்த விலைகளெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டன. கல்யாண வீட்டில் யாராவது, “எங்க மூத்தவ பெறந்த வருசம் புளி என்ன வெல இருக்கும் டீச்சர்?” என்று கேட்பார்கள். அவள் இலையிலிருந்து தலை தூக்காமல் சொல்லிவிடுவாள். நகரத்தில் எவ்வளவோ பெரிய மனிதர்கள் இருக்கலாம், ஆனால் சாதாரண சனங்கள் என்ன விலைக்கு என்ன தின்றார்கள் என்று தன்னளவு நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமிதம் இருந்தது.

விலை எழுதி முடித்ததும் தன் வீட்டுக்கு வேண்டிய மாதச் சாமானையும் அன்றே திரவியம் கடையில் வாங்கி ஆட்டோவில் ஏற்றிவிடுவாள். புறப்படுவதற்கு முன் பின்கட்டில் முத்தாரம்மாளோடு ஒரு டீ. முத்தாரம்மாள் அந்தக் கடையில் வற்றல் காம்பு கிள்ளுவதற்கும் பருப்பு புடைப்பதற்கும் தொண்ணூற்றொன்பதில் சேர்ந்தவள். அவள் மகன் வடிவாம்பாளிடம் படித்துத்தான் பத்தாம் வகுப்பில் கணக்குத் தேறினான். ஐந்தாம் தேதிகளில் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. சம்பளம் வாங்கிய கையோடு வருகிறார்கள் என்று வடிவாம்பாள் நினைத்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஜூலையில் தேங்காயெண்ணெய் விலைதான் ஊர் முழுக்கப் பேச்சு. பஸ்ஸில், கோவிலில், ஆஸ்பத்திரி வரிசையில் எல்லாம் அதே புலம்பல். அந்த மாதம் ஐந்தாம் தேதி வடிவாம்பாள் எழுதியது லிட்டருக்கு முந்நூற்று எண்பத்தொன்பது. அதுவே அவளுக்குப் பெரிய அதிர்ச்சி. வெளியே நானூற்றைம்பது, அறுபது என்று சொன்னவர்களிடம், “எங்க தெருவுல வந்து வாங்குங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

பத்தொன்பதாம் தேதி திவ்யலட்சுமியும் அவள் மாமியார் வீட்டாரும் நாகர்கோவிலிலிருந்து வருவதாகப் போன் வந்தது. நேந்திரங்காய் வறுக்க எண்ணெய் இல்லை. வழக்கமாக நடுவில் ஏதாவது தீர்ந்தால் வீட்டு முக்கிலுள்ள பெட்டிக்கடையில் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் கால் கிலோ, அரை கிலோ வாங்கிச் சமாளிப்பாள். அன்றைக்கு மூன்று லிட்டர் வேண்டும். குடையை எடுத்துக்கொண்டு பழவங்காடிக்கு பஸ் ஏறினாள்.

திரவியம் கடை வாசலில் விலைப் பலகை தொங்கியது. தேங்காயெண்ணெய் 462.

இரண்டு வாரத்தில் எழுபத்து மூன்று ரூபாயா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஏறுகிற காலம்தானே, ஏறியிருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டு அடுத்த வரியைப் பார்த்தாள். சம்பா அரிசி ஐம்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டு. துவரம் பருப்பு நூற்றுப் பதினெட்டிலிருந்து நூற்று முப்பத்திரண்டு. புளி, மல்லி, வற்றல், தேயிலை, துணி சோப்பு. ஒன்றுவிடாமல் ஏறியிருந்தன. அவள் கண் பழக்கத்தில் பலகையின் அடிவரை போயிற்று. ஏலக்காய், சேமியா, கற்பூரம், பப்படம் எல்லாம் ஐந்தாம் தேதி பார்த்த அதே விலையில் நின்றன.

பட்டியலில் இருந்தவை எல்லாம் ஏறியிருந்தன. பட்டியலில் இல்லாத ஒன்றுகூட ஏறவில்லை.

அவள் மழையில் நின்றபடியே மறுபடியும் மேலிருந்து கீழே படித்தாள். அப்போது முறத்தோடு வெளியே வந்த முத்தாரம்மாள் அவளைப் பார்த்துவிட்டாள்.

“என்னா டீச்சரே, இன்னிக்கு வந்திருக்கிய? இன்னிக்கு அஞ்சு இல்லல்லா?”

“எண்ணெய் தீந்துட்டு. இதென்ன முத்தாரம்மா, ரெண்டு வாரத்துல எல்லாத்துக்கும் இப்பிடி ஏறிட்டு?”

முத்தாரம்மாள் சிரித்தாள். வடிவாம்பாளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

“ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. இதாக்கும் வெல. நீங்க எழுதுகது அஞ்சாந்தேதி வெல.”

“அப்பிடின்னா?”

“எங்கிட்ட எதுக்கு டீச்சரே கேக்கிய? உங்களுக்கு அறியாத காரியமா?”

“சத்தியமா அறியாது. சொல்லு.”

முத்தாரம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். நாலாம் தேதி சாயங்காலம் தெருவில் ஐந்து கடைகளிலும் பலகையை அழித்து எழுதுவார்கள். ஆறாம் தேதி காலையில் பழைய விலை திரும்பிவிடும். அந்த ஒரு நாள் நஷ்டத்துக்கு விற்றாலும், சிப்பந்திகளுக்கு ஏற்றிக் கொடுக்க வேண்டிய படியைக் கணக்குப் பார்த்தால் முதலாளிகளுக்கு அது ஒன்றுமே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க அன்றைக்குத்தான் சாமான் எடுக்க வருவார்கள். ஆட்டோக்காரர்களுக்குக்கூடத் தெரியும். அதற்குப் பெயரே அஞ்சாந்தேதி விலை.

“எல்லாருக்கும் தெரியுமா?” என்றாள் வடிவாம்பாள்.

“பின்னே.”

“எங்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. மாசா மாசம் ஒண்ணா உக்காந்து டீ குடிச்சோமே.”

“என்னத்தச் சொல்ல? நீங்களும் அந்த வெலைக்குத்தானே சாமான் கெட்டிட்டுப் போறிய. நான் என்ன நெனைப்பேன்?” முத்தாரம்மாளின் குரலில் கோபம் இல்லை. “எம் மவன ஒரு பைசா வாங்காம படிப்பிச்சிய. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுன்னு விட்டுட்டேன்.”

வடிவாம்பாள் எண்ணெய் வாங்கவில்லை. நேரே கல்லாவுக்குப் போனாள். திரவியம் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவர் பார்வை ஒரு தடவை வாசல் பலகைக்குப் போய்த் திரும்பியது. அதற்குப் பிறகு அவள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“உக்காரு தங்கச்சி.”

“எப்போ தொட்டு அண்ணாச்சி?”

“என்ன எப்போ தொட்டு?”

“இந்த அஞ்சாந்தேதி வெல. எந்த வருசம் தொட்டு?”

அவர் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். “இங்க பாரு. நீ வந்து வெல கேட்ட, நான் சொன்னேன். சொன்ன வெலைக்கு அன்னிக்கு வித்தேனா இல்லியா? உனக்கும் அதே வெலைக்குத்தானே தந்தேன்? இதுல பொய் எங்க இருக்கு?”

“எந்த வருசம்னு மட்டும் சொல்லுங்க.”

“நாலு பக்கமும் சூப்பர் மார்க்கெட். போன்ல ஒரு தட்டு தட்டினா வீட்டுக்கு அரிசி வருது. நெஜ வெலைக்கு டி.ஏ. குடுத்திருந்தா இந்தத் தெருவுல ஏழு கடை என்னிக்கோ பூட்டியிருக்கும். பூட்டியிருந்தா அந்த முத்தாரம்மாளுக்கு வேல எங்க?”

“அத அவகிட்டச் சொல்லி, அவ கையெழுத்த வாங்கியிருக்கணும். என் கையெழுத்த எதுக்கு வாங்கினிய?”

திரவியம் இந்தக் கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் சொன்னார். “நீ பொய் எழுத மாட்டேன்னு ஊருக்கே தெரியும். அதனாலதான்.”

அவர் அதைப் பாராட்டாகவே சொன்னார். வடிவாம்பாளுக்குக் காதுமடல் சுட்டது. குடையை அங்கேயே மறந்து வைத்துவிட்டு நனைந்தபடி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

விருந்தாளிகள் வந்து போனார்கள். திவ்யலட்சுமி மட்டும் இரண்டு முறை, “அம்மைக்கு எந்து பற்றி?” என்று, என்ன ஆயிற்று என மலையாளத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

வடிவாம்பாளை வாட்டியது ஒரே கேள்வி. திருட்டு என்றைக்குத் தொடங்கியது என்று தெரிந்தால், அதற்கு முன்னால் எழுதியதாவது மெய் என்று ஆகும். தெரியாவிட்டால் இருபத்தெட்டு வருஷமும் போயிற்று. முத்தாரம்மாளிடம் கேட்டதற்கு, ரொம்ப வருஷமாகிறது என்பதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை. மனப்பாடமாக இருந்த விலைகளெல்லாம் இப்போதும் கேட்காமலே மனதில் வந்து நின்றன. எது உண்மை, எது திரவியம் அவளுக்காக எழுதி வைத்தது என்று பிரிக்க வழியில்லை.

அடுத்த வாரம் அவள் பாளையம் பக்கமுள்ள பெரிய நூலகத்துக்குப் போனாள். பழைய மலையாளப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக அங்கே வைத்திருந்தார்கள். கமிஷன் மண்டி மொத்த விலை அவற்றில் தினமும் ஓர் ஓரத்தில் வரும். தன்னிடமிருந்த மாதப் பட்டியல் நகல்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு நாள், தினமும் காலை பத்து மணியிலிருந்து டியூஷன் பிள்ளைகள் வரும் நேரம்வரை, ஐந்தாம் தேதிப் பத்திரிகைகளாகப் பார்த்து ஒப்பிட்டாள். கடையில் விற்கும் சில்லறை விலை எப்போதும் மொத்த விலைக்கு நாலைந்து ரூபாய் மேலேதான் இருக்கும். தொண்ணூற்றேழில் அப்படித்தான் இருந்தது. இரண்டாயிரத்து மூன்றில் அப்படித்தான். இரண்டாயிரத்து எட்டு முழுக்க அப்படித்தான். அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது மார்ச் மாதம் அவளுடைய விலை மொத்த விலைக்குக் கீழே இருந்தது. ஏப்ரலிலும் கீழே. அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட மேலே வரவில்லை.

அந்த மார்ச் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பகவதி இறந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. எழுந்து உட்காரவும் முடியாமல் கிடந்தாள். திரவியம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தூக்குவாளியில் கஞ்சியும், சட்டைப் பையில் மடித்து வைத்த பட்டியலும் இருந்தன. “நீ வரண்டாம் தங்கச்சி. நானே அஞ்சு கடையும் ஏறி எறங்கி எழுதிட்டேன். நீ ஒப்பு போட்டாப் போதும்,” என்றார். அவள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். இந்த நிலையிலும் நமக்காகத் தெருவெல்லாம் அலைந்திருக்கிறாரே என்று அன்றைக்கு அவள் அழுதது அவருக்காகவும்தான்.

நூலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர், “வெள்ளம் வேணோ?” என்று கேட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். அப்போதுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட் மாதம் அவள் ஐந்தாம் தேதியோடு நிறுத்தவில்லை. பன்னிரண்டு, பத்தொன்பது, இருபத்தாறு என்று மூன்று முறை சொல்லாமல் போய் எழுதினாள். ஐந்தாம் தேதித் தொகை ஆறாயிரத்து முந்நூறைத் தொடவில்லை. மற்ற நாட்களில் ஏழாயிரத்தைத் தாண்டியது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதி இரு தரப்புக்கும் கொடுத்தாள். முதலாளிகளின் சங்கம் ஒப்பந்தத்தில் ஐந்தாம் தேதி என்றுதான் இருக்கிறது என்று அதைத் திருப்பி அனுப்பியது. சிப்பந்திகளின் செயலாளர் ரதீஷ் அவளைத் தன் ஆபீஸுக்கு வரச் சொன்னான். அவளிடம் படிக்காத தலைமுறை அவன்.

“சேச்சி, இத்தன வருசம் வாய் மிண்டாம இருந்துட்டு இப்ப எதுக்கு வர்றீங்க? அவங்க தர்றது கொறஞ்சு போச்சா?”

“எனக்கு யாரும் ஒண்ணும் தரல்ல.”

“மாசம் ஆயிரம் ரூபாக்கிட்ட கொறச்சு சாமான் எடுத்திருக்கீங்க. அது தர்றது இல்லையா?”

“அதுதான் வெலன்னு நெனச்சு வாங்கினேன்.”

ரதீஷ் கூட இருந்தவர்களைப் பார்த்தான். அவர்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவர்களில் மூன்று பேர் சின்ன வயதில் அவள் வீட்டு நடையில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னவர்கள்.

ஆனாலும் அவள் கொடுத்த தாள் அவர்களுக்குப் பயன்பட்டது. அதை வைத்துப் பேச்சுவார்த்தை நடந்தது. நவம்பரில் புது ஒப்பந்தம் வந்தது. இனி விலை எழுதும் நாளை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்து போய்ப் பலகையைப் போனில் படம் எடுக்க வேண்டும். படி மாதம் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஏறியது. பழைய வருஷங்களைப் பற்றி யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை என்றும் ஒரு வரி இருந்தது. வடிவாம்பாளை நீக்குவது பற்றி முதலாளிகள் சொன்னதற்குச் சிப்பந்திகளும் சம்மதித்தார்கள். தொண்ணூற்றேழில் அவளை நியமித்த பிறகு இரு தரப்பும் மறுபேச்சில்லாமல் சேர்ந்து எடுத்த முடிவு அதுதான்.

செய்தி சொல்ல முத்தாரம்மாள் வீட்டுக்கே வந்தாள். முத்தாரம்மாளுக்கு அடுத்த மார்ச்சில் வயதாகி வேலை முடிகிறது.

“நாலு மாசத்துக்குக் கூடுதல் கிட்டும். அதாவது கிட்டிச்சே,” என்றாள். பிறகு, “இத்தன வருசத்துல எனக்கு எவ்வளவு போயிருக்கும் டீச்சரே? உங்களுக்குக் கணக்குப் பாக்க முடியுமில்லா?” என்று கேட்டாள்.

“முடியாது.”

“ஏன்?”

“அந்த நாளுல கடையில வித்த நெஜ வெல எனக்குத் தெரியாது, முத்தாரம்மா. எங்கிட்ட இருக்கது முழுக்க அவரு சொன்ன வெல.”

முத்தாரம்மாள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. டீ போடட்டுமா என்று வடிவாம்பாள் கேட்டதற்கு, பஸ் போய்விடும் என்று எழுந்துகொண்டாள்.

டிசம்பரில் ஒரு நாள் காலை வடிவாம்பாள் பழவங்காடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டுத் திரவியம் வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் ஒதுங்கிப் போவார் என்று நினைத்தாள். அவர் நேரே வந்தார்.

“சொகந்தானா தங்கச்சி? உன் கொட கடையிலயேதான் இருக்கு.”

“ரெண்டாயிரத்து ஒம்போது மார்ச்,” என்றாள்.

அவர் முகம் மாறியது. கண்டுபிடித்துவிடுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“அன்னிக்கு என் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு வந்தியளே. கஞ்சி தரணும்னு வந்தியளா, ஒப்பு வாங்கணும்னு வந்தியளா?”

திரவியம் கையிலிருந்த தேங்காய் மூடியை மாற்றிப் பிடித்துக்கொண்டார். “உன்னப் பாக்கத்தான் வந்தேன். புள்ளையார் சந்நிதியில நின்னு சொல்லுகேன். நீ கெடந்த கெடைய ஓர்த்துத்தான் வந்தேன். லிஸ்டு... வர்ற வழியில தோணிச்சு.”

அவர் பொய் சொல்வது போலத் தெரியவில்லை. அது மெய்யாகவும் இருக்கலாம். இருபத்தெட்டு வருஷம் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டவளுக்கு இதை மட்டும் எதை வைத்துச் சரிபார்ப்பது என்று தெரியவில்லை.

ஸ்ரீவராகம் வழி போகும் பஸ் வந்து நின்றது. “வர்றேன் அண்ணாச்சி” என்று வாய் பழக்கத்தில் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, அவள் ஏறி, மறுபக்க ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.